அறுபதாயிரத்தைச் சுற்றி ஒரு ஹார்ட்டெயில்: கியரை எண்ணாமல் மலைச் சைக்கிள் வாங்குவது எப்படி

நான் முதல் மலைச் சைக்கிள் வாங்கப் போனபோது கடைப் பையன் காட்டிய முதல் விஷயம் கியர். "சார், இதுல இருபத்தொண்ணு, இதுல இருபத்திநாலு." நானும் இருபத்து நாலையே வாங்கினேன். ஒரு வருஷத்தில் பின்சக்கர அச்சான ஆக்சில் இரண்டு தடவை வளைந்தது. முன் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அதிர்ச்சி வாங்க வேண்டிய ஃபோர்க் என் 58 கிலோவுக்கு அசைந்து கொடுக்கவே இல்லை. ஃப்ரேம் ஒரு சைஸ் பெரிது. கியர் மட்டும் கடைசிவரை குறையில்லாமல் ஓடியது, அந்த இருபத்து நாலில் ஏழெட்டுக்கு மேல் நான் தொட்டதே இல்லை என்றாலும்.

அதற்குப் பிறகு எனக்கும் நண்பர்களுக்குமாகப் பல சைக்கிள்கள் பார்த்தாகிவிட்டது. இப்போது நான் போகும் வரிசை இதுதான்: முதலில் அளவு, அடுத்து ஃபோர்க், ஃப்ரேமின் கழுத்து, பின் ஹப் (பின் சக்கரத்தின் நடு உருளை), பிரேக், டயர். கியர் கடைசியில். கடையில் இந்த வரிசையைத் தலைகீழாகச் சொல்வார்கள். கியர் எண்ணிக்கை கண்ணுக்குத் தெரியும், ஹப்பின் உள்ளே இருப்பது தெரியாது.

1. ஹார்ட்டெயில் உங்களுக்குத் தேவைதானா?

ஹார்ட்டெயில் என்றால் முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள மலைச் சைக்கிள். பின்பக்கம் இறுக்கமான ஃப்ரேம். ஏரிக்கரை, வாய்க்கால் மேடு, கரடு, செம்மண் பாதை, தேயிலைத் தோட்டத்து வழி, மேடு பள்ளமான கிராமத்துச் சாலை, இவற்றுக்கெல்லாம் இது சரியான வண்டி. தினமும் தார்ச்சாலையில் அலுவலகம் போய் வருவதும், ஞாயிற்றுக்கிழமை ஈசிஆரில் அறுபது கிலோமீட்டர் ஓட்டுவதும்தான் திட்டம் என்றால் சாலைக்கேற்ற ஹைபிரிட் சைக்கிள் வாங்குங்கள். சஸ்பென்ஷனைச் சுமந்துகொண்டு தார்ச்சாலையில் போவது, மழை இல்லாத ஊரில் குடை விரித்துக்கொண்டு நடப்பதைப் போல.

இன்னொரு ஆசையையும் இங்கேயே அறுத்துவிடுகிறேன்: 'டபுள் ஷாக்கர்'. இருபதாயிரத்துக்குப் பின்பக்கமும் ஸ்பிரிங் வைத்து விற்கும் சைக்கிள் பார்க்க மிரட்டலாக இருக்கும். அந்த விலையில் வருவது வெறும் சுருள்கம்பி. துள்ளலை அடக்கும் டாம்பர் அதில் இருக்காது. ஏற்றத்தில் நீங்கள் மிதிக்கும் மிதியில் ஒரு பங்கை அந்தச் சுருளே விழுங்கும், வண்டியும் கனம். ஒழுங்கான ஃபுல் சஸ்பென்ஷன் நம் ஊரில் லட்ச ரூபாயைத் தாண்டித்தான் ஆரம்பிக்கிறது. அதே பணத்தில் நல்ல ஹார்ட்டெயில் எவ்வளவோ மேல்.

ஒரு எச்சரிக்கை: காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் சைக்கிளோடு நுழைவது குற்றம். ஆனைகட்டிப் பக்கம் விடிகாலையில் எதிரே யானை வந்தால் எந்தக் கியரும் உதவாது. ஓட்டப்போகும் பாதைகளை முதலில் முடிவு செய்துகொண்டு, அதற்கேற்ற வண்டியைத் தேடுங்கள்.

2. பணத்தைப் பிரித்து வையுங்கள்

கையில் 60,000 ரூபாய் இருந்தால் சைக்கிளுக்கு 53,000 அல்லது 54,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் ஹெல்மெட், பம்ப், கூடுதல் ட்யூப், மல்டி டூல், செயின் ஆயில் ஆகியவற்றுக்குப் போகும். ஹெல்மெட்டை "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போட்டவர்கள் ஆறு மாதம் ஆனாலும் வாங்குவதில்லை.

எந்த விலையில் என்ன எதிர்பார்க்கலாம்? சுமாராகச் சொன்னால், இருபத்தைந்தாயிரத்துக்குள் கம்பியால் இழுக்கும் டிஸ்க் பிரேக், சுருள் ஃபோர்க், ஏழு பல்சக்கர ஃப்ரீவீல். முப்பத்தைந்து நாற்பதுக்கு மேல் எண்ணெய் அழுத்தத்தில் பிடிக்கும் ஹைட்ராலிக் பிரேக், கேசட் ஹப் (ஃப்ரீவீல், கேசட் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஆறாம் பகுதியில்). ஐம்பத்தைந்து அறுபதைத் தாண்டினால் காற்று ஃபோர்க்கும் பெடல் பக்கம் ஒற்றைப் பல்சக்கரமும் எட்டிப் பார்க்க ஆரம்பிக்கும். சைக்கிளுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. கடையில் தொங்கும் அட்டை பழசாக இருந்தால் புது விலையைக் கேளுங்கள். போன வருஷ மாடல் தூசி படிந்து நிற்கிறதா என்றும் கேளுங்கள். பெரும்பாலும் வருஷத்துக்கு வருஷம் மாறுவது பெயின்ட்தான்.

3. அளவு: இதில் தவறினால் மற்றதெல்லாம் வீண்

"சீட்டை இறக்கிக்கலாம் சார்" என்பார்கள். சீட்டை இறக்கலாம், ஃப்ரேமின் நீளத்தைக் குறைக்க முடியாது. என் முதல் சைக்கிளில் கை எட்டாமல் முன்னால் சாய்ந்து சாய்ந்து, இருபது கிலோமீட்டரிலேயே பிடரி கடுத்துவிடும்.

சுமாரான கணக்கு: உயரம் 155 முதல் 165 செ.மீ. என்றால் ஸ்மால், 165 முதல் 177 வரை மீடியம், அதற்கு மேல் லார்ஜ். கம்பெனிக்குக் கம்பெனி இது மாறும், அதனால் அந்த மாடலின் அளவு அட்டவணையைப் பாருங்கள். இரண்டு அளவுக்கு நடுவில் வந்தால், மண்பாதையில் புரட்டி ஓட்ட நினைப்பவர் சின்னதை எடுக்கலாம். நீண்ட தூரம் போகிறவருக்குப் பெரியது.

கடையில் செய்ய வேண்டியவை மூன்று. ஷூ போட்டுக்கொண்டு வண்டியின் மேல்குழாய்க்கு இருபுறமும் கால் வைத்து நில்லுங்கள். குழாய்க்கும் உங்களுக்கும் நடுவே இரண்டு அங்குலமாவது இடைவெளி வேண்டும். அடுத்து சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடல் மேல் வைத்து, பெடலைக் கடைசிவரை இறக்குங்கள். கால் நேராக நீண்டால் அதுதான் உங்கள் சீட் உயரம். அந்த உயரத்தில் வைத்தபிறகே ஹேண்டில்பாரைப் பிடித்துப் பாருங்கள். முழங்கை லேசாக மடங்க வேண்டும். நீட்டி விறைத்தால் ஃப்ரேம் நீளம், முழங்கால் கையில் இடித்தால் குட்டை.

உங்கள் அளவு கடையில் இல்லை என்றால் காத்திருங்கள். "ஸ்டாக்ல இருக்கிறது லார்ஜ்தான், உங்களுக்குச் சரியா இருக்கும்" என்ற வாக்கியத்தைத்தான் நான் அன்றைக்கு நம்பினேன்.

4. ஃபோர்க்: பணம் போக வேண்டிய இடம்

இந்த விலையில் இரண்டு வகை ஃபோர்க் வரும்: உள்ளே இரும்புச் சுருள் உள்ளது, காற்று அடைத்தது. சுருள் ஃபோர்க் ஒரு குறிப்பிட்ட எடைக்காகச் செய்யப்பட்டது. எழுபத்தைந்து எண்பது கிலோ ஆளுக்கு நன்றாக வேலை செய்யும். ஐம்பத்தைந்து அறுபது கிலோ ஆளுக்கு அது கிட்டத்தட்ட இரும்புத் தடிதான். மேலே திருகும் பிரிலோட் குமிழைத் திருப்பினால் மென்மையாகும் என்பார்கள். அது சுருளை முன்கூட்டியே அமுக்கி வைக்கும், அவ்வளவுதான். சுருளின் கடினத்தை மாற்றாது. நம் ஊரில் அறுபது கிலோவைச் சுற்றி இருப்பவர்கள்தான் நிறைய என்பதால் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

காற்று ஃபோர்க்கில் உங்கள் எடைக்கு ஏற்பக் காற்றைக் கூட்டிக் குறைக்கலாம். அதற்கென்று ஷாக் பம்ப் என்ற சின்னப் பம்ப் உண்டு. டயருக்கு அடிக்கும் பம்ப்பைப் பயன்படுத்தாதீர்கள். காற்றின் அளவு பார்ப்பது எளிது. ஃபோர்க்கின் பளபளப்பான கால்மேல் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். இல்லையென்றால் பிளாஸ்டிக் டை ஒன்றைக் கட்டுங்கள். அதைக் கீழே தள்ளிவிட்டு, துள்ளாமல் சீட்டில் ஏறி உட்கார்ந்து, துள்ளாமல் இறங்குங்கள். 100 மி.மீ. அமுங்கக்கூடிய ஃபோர்க்கில் வளையம் 20 மி.மீ. ஏறியிருந்தால் சரி. 10 மட்டும் என்றால் காற்றைக் குறையுங்கள், 30 என்றால் கூட்டுங்கள். சுருளைவிட எடையிலும் ஏறத்தாழ அரை கிலோ மிச்சமாகும், அதுவும் ஏற்றத்தில் தூக்க வேண்டிய முன்பக்கத்தில்.

பெயரை வைத்து எப்படித் தெரிந்துகொள்வது? சன்டூர் கம்பெனியின் எக்ஸ்சிஇ, எக்ஸ்சிடி, எக்ஸ்சிஎம் மூன்றும் பொதுவாகச் சுருள். எக்ஸ்சிஆர் சுருளாகவும் வரும், காற்றாகவும் வரும், கேட்டுக்கொள்ளுங்கள். ரெய்டன் காற்று. ராக்‌ஷாக்ஸில் ஜூடி, ரீகன் என்ற பெயர்கள் இந்த விலையில் தென்படும். ஜூடியின் கால்கள் 30 மி.மீ. தடிமன், ரீகனுடையது 32. எக்ஸ்சிடியின் கால் 28 மி.மீ. தடிமன் கூடக்கூட, பிரேக் பிடிக்கும்போதும் கல்லில் மோதும்போதும் சக்கரம் வளைந்து ஆடுவது குறையும்.

ஃபோர்க் அமுங்கும் தூரம் 100 முதல் 120 மி.மீ. போதும். 80 மி.மீ. என்பது தெருக் குழிகளுக்கு. 140-க்கு மேல் குறைந்த விலையில் கண்டால் சந்தேகப்படுங்கள்.

ரீபவுண்ட் குமிழ் இருந்தால் நல்லது. பெரும்பாலும் ஃபோர்க்கின் காலடியில் சிவப்பாக இருக்கும். அமுங்கிய ஃபோர்க் எவ்வளவு வேகமாக எழ வேண்டும் என்பதை அது கட்டுப்படுத்தும். இல்லையென்றால் ஒவ்வொரு கல்லுக்கும் ஹேண்டில்பார் உங்கள் முகத்தைப் பார்த்து எகிறும். ஃபோர்க்கை அமுங்காமல் பூட்டும் லாக்கவுட் பெரும்பாலானவற்றில் வரும். அதைப் பெரிய வசதியாகச் சொல்லி விற்பவரிடம் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள்.

5. ஃப்ரேமின் கழுத்து

அலுமினிய ஃப்ரேம் போதும். இந்த விலையில் கிடைப்பதும் அதுதான். பார்க்க வேண்டியது ஃபோர்க் நுழையும் முன்குழாய். அதன் அடிப்பாகம் மேல்பாகத்தைவிட அகலமாக இருந்தால் அது டேப்பர்டு வகை. நாளைக்கு நல்ல ஃபோர்க் வாங்கி மாட்ட நினைத்தால் இது முக்கியம். இன்று வரும் நல்ல காற்று ஃபோர்க்குகளில் பெரும்பாலானவை டேப்பர்டு கழுத்தோடுதான் வருகின்றன. நேரான குறுகிய கழுத்துள்ள ஃப்ரேமுக்குப் பொருந்துவது வெகு சில. ஆகவே இப்போது காற்று ஃபோர்க்குக்குப் பணம் எட்டவில்லை என்றால் டேப்பர்டு கழுத்தும் சுருள் ஃபோர்க்கும் உள்ள வண்டியை எடுங்கள், இரண்டு வருஷம் கழித்து ஃபோர்க்கை மாற்றிக்கொள்ளலாம்.

ஹெட் ஆங்கிள் என்ற ஒரு எண் விவரப் பட்டியலில் இருக்கும், முன்குழாய் சாய்ந்திருக்கும் கோணம் அது. 70, 71 டிகிரி பழைய பாணி. ஏற்றத்தில் துருதுருவென்று திரும்பும், இறக்கத்தில் கொஞ்சம் பயமுறுத்தும். 67, 68 என்றால் இறக்கத்தில் நிதானம். புதிதாக ஓட்டுபவருக்கு நான் பின்னதைத்தான் சொல்வேன்.

6. பின் ஹப்: கேட்காமல் விடவே கூடாத கேள்வி

பின் பல்சக்கரம் இரண்டு விதமாக மாட்டப்படும். பழைய முறையில் ஃப்ரீவீல் முழுதாக ஹப்பின் மேல் திருகி ஏற்றப்படும். இதில் வலதுபக்க பேரிங் வெகு உள்ளே தள்ளி இருக்கும்; அதற்கு வெளியே ஆக்சில் தாங்கலில்லாமல் நீண்டு நிற்கும். பல்சக்கரம் ஏழிலிருந்து எட்டானால் அந்த நீட்டம் இன்னும் கூடும். குழியில் இறங்கும்போது அந்த இடத்தில்தான் ஆக்சில் வளையும், ஒடியும். என் ஆக்சில் இரண்டு தடவை வளைந்தது இதனால்தான். புது முறையான கேசட் ஹப்பில் பேரிங் வெளி விளிம்புக்கு அருகே உட்காரும். தாங்கும்.

கடைக்காரருக்கே தெரியாமல் இருக்கலாம். கியர், பிரேக் செய்யும் ஷிமானோ கம்பெனியின் பாகமாக இருந்தால் விவரப் பட்டியலில் பின் பல்சக்கரத்தின் குறியீட்டைப் பாருங்கள்: எம்எஃப் என்று ஆரம்பித்தால் ஃப்ரீவீல், சிஎஸ் என்று ஆரம்பித்தால் கேசட். முப்பத்தைந்தாயிரத்துக்கு மேல் கொடுத்துவிட்டு ஃப்ரீவீல் வாங்காதீர்கள்.

7. பிரேக்

1976 அக்டோபரில், கலிபோர்னியாவின் மரீன் கவுன்ட்டியில் சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களைத் தூக்கிக்கொண்டு ஒரு மண் மலையுச்சிக்குப் போய்ப் பந்தயம் வைத்து இறங்கினார்கள். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் ஹப்புக்குள் பிடிக்கும் பிரேக்தான் அவற்றில் இருந்தது. ஒரு தடவை இறங்கினால் ஹப்பிலுள்ள கிரீஸ் எல்லாம் சூட்டில் புகையாகப் போய்விடும், மறுபடி அடைக்க வேண்டும். அப்படி மறுபடி அடைப்பதை வைத்தே அந்தப் பந்தயத்துக்கு 'ரீபேக்' என்று பெயர் வந்தது. மலைச் சைக்கிளின் கதை ஒருவகையில் பிரேக் தேடிய கதைதான்.

இன்று ஹைட்ராலிக் டிஸ்க் இல்லாமல் வாங்காதீர்கள். கம்பி டிஸ்க்கை அடிக்கடி சரிசெய்ய வேண்டும். மழைச் சேற்றில் கம்பி உறைக்குள் அழுக்கு ஏறிவிடும். ஷிமானோ எம்டி200, டெக்ட்ரோ எம்275 போன்ற ஆரம்ப நிலை ஹைட்ராலிக்குகளே ஒரு விரலில் வண்டியை நிறுத்தும். ஷிமானோ பிரேக்குக்கு மினரல் ஆயில் மட்டும்தான் ஊற்ற வேண்டும். மோட்டார் பைக் கடையில் டாட் என்ற பிரேக் ஆயிலை ஊற்றிவிட்டால் உள்ளே உள்ள ரப்பர் ஊதிப்போகும்.

160 மி.மீ. டிஸ்க் தட்டு பெரும்பாலோருக்குப் போதும். எண்பது கிலோவுக்கு மேல் இருப்பவரும், எழுபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலை போல நீண்ட இறக்கங்களை விரும்புபவரும் முன்பக்கம் 180 தேடுவது நல்லது.

வலக்கை லீவர் முன் பிரேக்கா, பின் பிரேக்கா என்று அழுத்திப் பாருங்கள். மோட்டார் பைக் ஓட்டிப் பழகிய கை வலதில் முன் பிரேக்கை எதிர்பார்க்கும். சில வண்டிகள் மாறி வரும். வாங்கும்போதே மாற்றித் தரச் சொல்லுங்கள்.

8. சக்கரமும் முள்ளும்

29 அங்குலச் சக்கரம் கல்லையும் குழியையும் எளிதாகக் கடக்கும். 27.5 சட்டென்று திரும்பும், குட்டையானவருக்கு வசதி. சில கம்பெனிகள் சிறிய ஃப்ரேமில் 27.5-ம் பெரியதில் 29-ம் மாட்டியே அனுப்புகின்றன. அப்போது உங்களுக்கு இந்தக் கவலை இல்லை. 26 அங்குலத்தைப் புதிதாக வாங்க வேண்டாம். சின்ன ஊர்க் கடைகளில் 29 ட்யூப் கிடைக்காவிட்டால் பயப்படாதீர்கள்: அதன் ரிம் விட்டமும் ஹைபிரிட் சைக்கிளின் 700சி ரிம் விட்டமும் ஒன்றே, 622 மி.மீ. அகலமான 700சி ட்யூப் அவசரத்துக்கு வீடு வரை கொண்டுவந்து சேர்க்கும்.

நம் மண்பாதைகளின் உண்மையான எதிரி சீமைக்கருவேல முள்ளும் நெருஞ்சியும். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் நான்கு பஞ்சர் பார்த்திருக்கிறேன். அதனால் ரிம்மும் டயரும் 'ட்யூப்லெஸ் ரெடி'யா என்று கேளுங்கள். ஆம் என்றால் பிறகு சீலன்ட் என்ற அடைப்புத் திரவத்தை ஊற்றி ட்யூப்பைத் தூக்கிப் போட்டுவிடலாம். முள் குத்திய ஓட்டையை அந்தப் பால் தானே அடைத்துக்கொள்ளும். நம் வெயிலில் அது சீக்கிரம் காயும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்து ஊற்ற வேண்டும்.

டயர் அகலம் 2.2, 2.25 அங்குலம் இருந்தால் போதும். காற்று விஷயத்தில் கடைக்காரர்கள் தாராளமானவர்கள், கல்லைப் போல ஆகும்வரை அடித்துக் கொடுப்பார்கள். அறுபது எழுபது கிலோ ஆள் மண்ணில் ஓட்ட 28, 30 பிஎஸ்ஐ போதும்.

9. கடைசியாகக் கியர்

முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஏழு என்றால் இருபத்தொன்று. ஆனால் அதில் பல ஒன்றையொன்று ஒத்தவை, சில செயினைக் குறுக்காக இழுப்பதால் பயன்படுத்தக் கூடாதவை. எண்ணிக்கையை விடுங்கள். மிக இலகுவான கியர் எது என்று மட்டும் கணக்குப் போடுங்கள்: முன்னால் உள்ள சின்னப் பல்சக்கரத்தின் பற்களைப் பின்னால் உள்ள பெரிய பல்சக்கரத்தின் பற்களால் வகுக்க வேண்டும். 22-ஐ 34-ஆல் வகுத்தால் 0.65. முன்னால் ஒற்றைப் பல்சக்கரம் உள்ள வண்டியில் 32-ஐ 46-ஆல் வகுத்தால் 0.70; 32-ஐ 42-ஆல் என்றால் 0.76. மலை ஏறுவீர்கள் என்றால் 0.70 அல்லது அதற்குக் கீழே வேண்டும். 0.76-இல் கொல்லிமலை ஏற முடியாதென்றில்லை, முழங்கால் உங்களை மன்னிக்காது.

வேகக் கியர் போதாதோ என்ற பயம் பலருக்கு உண்டு. 32-க்கு 11 கியரில், 29 அங்குலச் சக்கரத்தில், நிமிஷத்துக்கு 80 மிதி மிதித்தால் மணிக்குச் சுமார் 32 கி.மீ. மண்பாதையில் அதற்கு மேல் எதற்கு?

ஷிமானோவின் ஏறுவரிசை: டூர்னி, ஆல்டஸ், அசேரா, அலிவியோ, டியோரே. 2023-இல் வந்த க்யூஸ் என்ற வரிசை இவற்றில் சிலவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறது. மைக்ரோஷிஃப்ட்டின் அட்வென்ட், அட்வென்ட் எக்ஸ் கண்ணில் பட்டால் பெயர் புதிது என்று ஒதுக்காதீர்கள், நல்ல சரக்கு. ஒரு தந்திரத்தை மட்டும் கவனியுங்கள்: செயினைப் பல்சக்கரம் மாற்றித் தள்ளும் பின் டெரெய்லர் மட்டும் ஒரு படி மேலே, கையில் கியர் மாற்றும் ஷிஃப்டரும் செயினும் பெடல் தண்டான கிராங்கும் இரண்டு படி கீழே. பட்டியலை முழுதாகப் படித்தால் தெரிந்துவிடும்.

10. ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்

கடை வாசலில் இரண்டு சுற்று போதாது. பத்து நிமிஷம் கேளுங்கள். ஒரு மேம்பாலச் சரிவில் ஏறிப் பாருங்கள். நடைபாதை விளிம்பிலிருந்து இறக்குங்கள். ஃபோர்க் அமுங்குகிறதா, டக்கென்று அடிக்கிறதா? முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள், கழுத்தில் லொடலொடப்பு இருக்கக் கூடாது. சக்கரங்களைச் சுழற்றி ரிம் கோட்டமில்லாமல் ஓடுகிறதா என்று பாருங்கள்.

பொருத்துவதிலும் தப்பு நடக்கும். நண்பர் ஒருவருக்கு டெலிவரி எடுக்கப் போன கடையில் ஃபோர்க்கையே பின்பக்கம் முன்பக்கமாகத் திருப்பி மாட்டி வைத்திருந்தார்கள். முன் டிஸ்க் பிரேக் ஓட்டுபவரின் இடப்பக்கம் இருக்க வேண்டும். வலப்பக்கம் இருந்தால் அதுதான் கதை. சொன்னதும் "டிசைனே அப்படித்தான் சார்" என்றார்கள்.

பில்லில் ஃப்ரேம் நம்பரை எழுதி வாங்குங்கள், அது பெரும்பாலும் பெடல் அச்சுக்கு அடியில் குத்தப்பட்டிருக்கும். ஃப்ரேம் வாரன்டி பொதுவாக முதல் உரிமையாளருக்கு மட்டும்தான், பில் இல்லையென்றால் அதுவும் இல்லை. அதே நேரத்தில் டெரெய்லர் ஹேங்கர் ஒன்றைக் கூடுதலாகக் கேட்டு வாங்குங்கள். பின் டெரெய்லரை ஃப்ரேமோடு இணைக்கும் சின்ன அலுமினியத் துண்டு அது. வண்டி வலப்பக்கம் சாய்ந்து விழுந்தால் ஃப்ரேமைக் காப்பாற்றிவிட்டுத் தான் வளைந்துகொள்ளும். மாடலுக்கு மாடல் வடிவம் மாறும். பிறகு தேடினால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

முதல் மாதம் ஓட்டியதும் வண்டியைக் கடைக்குக் கொண்டுபோங்கள். புதுக் கியர் கம்பி தளர்ந்திருக்கும், ஸ்போக்குகள் இடம்பிடித்து இறுக்கம் குறைந்திருக்கும். கோட்டம் எடுத்து, கிராங்க் போல்ட்டை ஒருமுறை முறுக்கிக் கொடுக்கச் சொல்லுங்கள். முதல் சர்வீஸ் இலவசம் என்று வாங்கும்போதே பில்லில் எழுதி வாங்கியிருந்தால் அதற்கும் காசு கேட்க மாட்டார்கள்.